இன்னைக்கு எதைக் கண்டு பயந்தீங்க?

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் எல்லா ஆலையிலும் ஆட்கள் வீட்டைப் பார்த்து ஓடுவார்கள். எங்கள் ஆலையில் மட்டும் ஓட முடியாது. கேட்டில் பாய் நிற்பார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"இன்னைக்கு எதைக் கண்டு பயந்தீங்க?"

மேஸ்திரி என்றால் எத்தனை மூட்டை ஆச்சு, ஏன் லேட்டு, எங்கே போயிருந்தே என்றுதான் கேட்பார்கள் என்று நாங்கள் பழகியிருந்தோம். நானும் அஞ்சலையும் முதல் நாள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, வழி நெடுக வாய்க்கால் கரையில் சிரித்துக்கொண்டே போனோம். "இந்த ஆளுக்கு மண்டையில ஏதோ கழண்டிருக்குடி" என்றாள் அஞ்சலை. நானும் ஆமோதித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

கீழ்வேளூர்ப் பக்கத்து அரிசி ஆலை அது. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்து அரைக்கிற ஆலை. ஆவிக்கு உமி எரிகிற பெரிய பாய்லர். பாய்லரையும் மற்ற இயந்திரங்களையும் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி அவர். காலையில் நாகூரிலிருந்து பாசஞ்சரில் வருவார். கையில் டிபன் கேரியர், தலையில் வெள்ளைத் தொப்பி, குட்டையான தாடி. அவருக்குப் பெயர் இல்லாமலா இருக்கும்? நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாய் என்றால் அவர்தான்.

நாங்கள் களத்துப் பெண்கள். அதற்கு முன் வயலில் நட்டுக் களையெடுத்தவர்கள். கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு ஊர் செங்கொடி ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவிலும் ஏறியது. அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டோம். மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆளைக் கொண்டுவந்து இறக்கி நடவை முடித்துவிட்டார். எங்கள் தெருவுக்கு வயலே இல்லை என்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் கூட்டத்தில் முன்னால் நின்று பேசியவர் என்பதால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் களத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. என் ஒருத்தி வேலையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆகவே ஆலைக்குள் நுழையும்போதே வாயைக் கேட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைந்தேன். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"ஒண்ணும் பயமில்லீங்க" என்பேன் தினமும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லைன்னு சொல்றவங்களைப் பார்த்தாத்தாம்மா எனக்கு உதறுது" என்பார். அப்புறம் விட்டுவிடுவார். ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களை அவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார். எங்கள் தெருப் பெண்களை அந்தக் காலத்தில் 'டீ' போடாமல் கூப்பிட்ட மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. முதல் வாரம் அவர் "சொல்லுங்கம்மா" என்றபோது, எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இதைச் சொல்லிச் சொல்லி அஞ்சலை வருஷக்கணக்கில் என்னைக் கிண்டல் செய்தாள்.

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. யாராவது பயத்தைச் சொன்னால் அதில் சாக்பீஸால் படம் போடுவார். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, அதனால் படம். படம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெல்ட் போட்டால் பாம்பு மாதிரி இருக்கும், சக்கரம் போட்டால் முறுக்கு மாதிரி இருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள், மூட்டை அடுக்கு சாய்ந்து நிற்கிறது என்று சொன்னபோது அவர் போட்டதைப் பார்த்து, கோயில் கோபுரம் ஏன் விழுகிறது என்று அஞ்சலை கேட்டாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

படத்தில் ஆளை மட்டும் போடமாட்டார். சொன்னவர் யார், தப்புச் செய்தவர் யார் என்று எதுவும் இருக்காது. "பொருளைப் போட்டா சரி பண்ணத் தோணும். ஆளைப் போட்டா திட்டத் தோணும்" என்பார். சரி செய்து முடித்த பிறகு, யார் சொன்னாரோ அவரைக் கூப்பிட்டு, "வந்து பாருங்க, சரியா இருக்கா? இருந்தா நீங்களே அழிச்சிடுங்க" என்பார். சரியாக இல்லை என்றால் படம் அப்படியே இருக்கும். யார் என்ன சொன்னாலும், எவ்வளவு அற்பமாக இருந்தாலும், அவர் வாயில் முதலில் வருவது ஒரே வார்த்தைதான்: "நல்லவேளை சொன்னீங்க."

மூட்டை தூக்கும் ஒருத்தர் வேண்டுமென்றே, "எனக்கு வீட்டுல பொண்டாட்டியக் கண்டாத்தான் பயம் பாய்" என்றார். எல்லாரும் சிரித்தோம். பாய் சிரிக்காமல் போய்ப் பலகையில் ஒரு பெரிய கரண்டியைப் போட்டார். "சரியானதும் நீங்களே வந்து அழிங்க" என்றார். ஒரு வாரம் கரண்டி அங்கேயே இருந்தது. கடைசியில் அந்த ஆளே கெஞ்சிக் கூத்தாடி அழித்தார். போகிற போக்கில், "பாய், நெசமாவே ஒண்ணு. எலிவேட்டர் குழிக்கு மூடி இல்ல. மூட்டையோட பின்னாடி காலெடுத்து வைக்கிறப்ப பகீர்ங்குது" என்றார். நெல்லை மேலே ஏற்றும் இயந்திரத்தின் குழி அது. ஓர் ஆள் ஆழம் இருக்கும். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அன்றைக்கே பலகை அடித்து மூடினார்கள். கிண்டல் செய்ய வந்தவர் நிஜத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் அப்படித்தான் நடக்கும்.

அவருடைய கழுத்தின் வலப்பக்கம் முழுக்க வெந்து ஆறிய தழும்பு. அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அஞ்சலைதான் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள். "கப்பல்ல, பினாங்கு போற வழியில, எஞ்சின் ரூம்ல. ஆவிக் குழாய் கசியுதுன்னு ஒருத்தன் வந்து சொன்னான். போய் வேலையப் பாருடான்னு நான் திட்டி அனுப்பிட்டேன். ரெண்டாவது தடவை கசிஞ்சப்ப அவன் வந்து சொல்லலை" என்றார். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அஞ்சலை கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் கேட்கத் தோன்றாது.

நான் வாயைத் திறக்க எட்டு மாதம் ஆயிற்று. நெல் ஊறும் சுடுதண்ணீர்த் தொட்டிகளின் விளிம்பில்தான் நாங்கள் கூடையோடு நடப்போம். ஒரு சாண் அகலம், எப்போதும் ஈரம். ஒரு நாள் அஞ்சலை வழுக்கி, ஒரு கால் தொட்டிக்குள் போய்விட்டது; நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு முழங்கால் வரை தோல் உரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் கேட்டபோது என்னை அறியாமல் வந்துவிட்டது. நாளைக்கு வேலை இல்லை என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தொட்டி ஓரத்தில் இரண்டு பேர் இரும்புக் குழாயில் கைப்பிடி அடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பு உயரத்துக்குத் தொட்டியைச் சுற்றி வேலி மாதிரி. பாய் என்னைக் கூப்பிட்டு அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆட்டினேன். அசையவில்லை. பலகையில் இருந்த படத்தை என் கையாலேயே அழித்தேன். வயலில் நாங்கள் நூறு பேர் சேர்ந்து கத்தியும் ஒரு பிடி நெல் நகரவில்லை. இங்கே நான் ஒருத்தி முணுமுணுத்ததற்கு இரும்பு வந்து நின்றது. அன்று முழுக்க வேலை இல்லாமலே நாலு தடவை அந்தப் பக்கம் போய் அதைத் தொட்டுவிட்டு வந்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

முதலாளிக்கு இந்தக் கேட்டுக் கச்சேரி பிடிக்கவில்லை. அவருக்கும் நிலம் இருந்தது, நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மச்சான் மாமன் பெயரில் எழுதி வைத்திருந்தார். நாலு ஆட்கள் சேர்ந்து நின்றாலே அவருக்குக் கொடி தெரியும். "என்ன பாய் இது, இன்னைக்கு பயத்தைச் சொல்லுவான், நாளைக்குக் கூலியைச் சொல்லுவான். நீங்களே பழக்கி விடுறீங்களே" என்றார் ஒரு நாள், எங்கள் காது படவே.

"சொல்றவங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க முதலாளி. இது சத்தமில்லாத ஆலையா போச்சுன்னா அன்னைக்கு நான் வேலைக்கு வர மாட்டேன்" என்றார் பாய். முதலாளிக்கு அவரை விட்டால் பாய்லருக்கு ஆள் கிடையாது. அதனால் முனகிக்கொண்டே போய்விட்டார்.

அந்த வருஷம் குறுவை நெல் வந்து குவிந்து கிடந்தபோது ஆயுத பூஜை வந்தது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, எல்லாரும் சேர்ந்து கழுவினோம். மாலை கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. ஏணி வைத்து ஏறி, பாய்லர் தலையில் மாலை போடும் வேலை எனக்கு வந்தது. அங்கே குண்டு தொங்கும் ஒரு நீட்டுக் கம்பி உண்டு. உள்ளே ஆவி அளவுக்கு மீறினால் அந்தக் கம்பி தானாக மேலே எழும்பி, ஆவியை வெளியே விட்டுவிடும். அதுதான் சேப்டி வால்வு. எனக்கு அப்போது அது மாலை மாட்ட வசதியான கொம்பு, அவ்வளவுதான். சாமந்தி மாலை வழுக்கி வழுக்கி விழுந்தது. கீழே கிடந்த கட்டுக்கம்பியை எடுத்து, மாலையையும் நீட்டுக் கம்பியையும் அடியில் போகும் குழாயோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். காற்றடித்தாலும் அசையாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தீ போடும் கோவிந்து அண்ணன் பக்தியான ஆள். பாய்லர் முகப்பில் ஆவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முள் காட்டும் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. அதுதான் பாய்லருக்கு நெற்றி என்பது அவர் கணக்கு. அதில் பட்டையாக விபூதியைக் குழைத்துப் பூசி, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். காய்ந்ததும் உள்ளே முள் தெரியாமல் கண்ணாடி சுவர் மாதிரி ஆகிவிட்டது. பூஜை முடிந்து சாமி கும்பிட்டு, பொரி வாங்கிக்கொண்டு போனோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று காலையிலேயே தீ மூட்டினார்கள். மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் முந்தைய வாரத்து நெல்லைக் களத்தில் துழாவிக்கொண்டிருந்தோம். தினமும் இரண்டாவது துழாவல் முடிகிற நேரத்துக்கு அந்த வால்வு புஸ்ஸென்று சீறும். "மாமியா எழுந்திரிச்சிட்டா" என்று அஞ்சலை சொல்வாள். அன்றைக்கு இரண்டாவது முடிந்து மூன்றாவதும் பாதி ஆயிற்று. சத்தம் வரவில்லை.

"மாமியா இன்னும் தூங்குறாளா?" என்றாள் அஞ்சலை.

எனக்குக் கை நின்றுவிட்டது. என் கையால் முறுக்கிய நாலு சுற்றுக் கம்பி கண்ணுக்கு முன்னால் வந்தது. சீறும்போதெல்லாம் அந்தக் குண்டுக் கம்பி மேலே எழும்புவதைக் களத்திலிருந்து பார்த்திருக்கிறேன்; இன்றைக்கு அது ஏன் எழும்பவில்லை என்று புரிந்துவிட்டது. பாய்லருக்கும் எங்களுக்கும் முப்பதடி தூரம்கூட இல்லை. களத்தில் இருபது பெண்கள், தீ முன்னால் கோவிந்து அண்ணன்.

எல்லாம் புரிந்த பிறகும் நான் உடனே ஓடவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. சொன்னால் என் வேலை போகும், வேறு வேலை கிடைக்காது, வீட்டில் மூன்று வாய். ஒருவேளை ஒன்றும் ஆகாமலே இருக்கலாமே என்று நினைத்தேன். ஒரு பாத்தி துழாவுகிற நேரம் அப்படி நின்றேன். அப்புறம் துழாவியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பாய், நேத்து மாலையக் கம்பியால கட்டிட்டேன். மேல அந்தக் குண்டு போட்ட கம்பியில. எழும்பாது பாய்."

அவர் முகம் சுண்ணாம்பாகியது. ஆனால் குரல் உயரவில்லை. "நல்லவேளை சொன்னீங்க" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் முதலில் அதைத்தான் சொன்னார். "எல்லாரையும் கூட்டிட்டுக் கேட்டுக்கு வெளியில போங்க. வாய்க்காலைத் தாண்டி நில்லுங்க."

நாங்கள் ஓடினோம். உள்ளே அவரும் கோவிந்து அண்ணனும் மட்டும். உமி போடுவதை நிறுத்தி, எரிகிற தீயை வெளியே இழுத்துத் தள்ளினார்கள். தொட்டிகளுக்குப் போகும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார்கள். ஆவி தொட்டிகளிலிருந்து கிளம்பிக் களம் முழுவதும் மூடியது. வாய்க்கால் கரையிலிருந்து பார்த்தால் ஆலையே தெரியவில்லை. அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவருடைய சாமியையும் கூப்பிட்டேன்.

மத்தியானம் பாய்லர் தணிந்த பிறகு அவர் ஏறிக் கம்பியை அவிழ்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது, முள் அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்ததாம். எங்கிருந்து இறங்க ஆரம்பித்தது என்பது யாருக்கும் தெரியாது.

முதலாளி காரில் வந்து இறங்கினார். தீ அணைந்து கிடக்கிறது, நெல் களத்தில் கிடக்கிறது, தூறல் விழுகிறது, ஆட்கள் கேட்டில் நிற்கிறார்கள். "எவன் செஞ்ச வேலை இது?" என்றார்.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார் பாய். "சொன்னா நாளைக்கு எங்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் நான் இங்க இருந்து என்ன பிரயோசனம்?"

"இது ஆலையா, கட்சி ஆபீசா?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நாந்தாங்க கட்டினேன். நாந்தாங்க சொன்னேன்" என்று முன்னால் வந்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னார் பெண்டாட்டி என்று தெரிந்துகொண்ட பார்வை. "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார்.

பாய் நேரே பலகைக்குப் போனார். முதலில் ஒரு வட்டம் போட்டார், வட்டத்துக்குள் பட்டையாகக் கோடு. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆளைப் போட்டார். அந்தப் பலகையில் ஆள் வந்தது அதுதான் முதல் தடவை. தலையில் தொப்பி, மோவாயில் குட்டைத் தாடி, கண் இரண்டும் மூடியிருந்தது. படம் கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் யார் என்று யாரும் கேட்கவில்லை.

"காலையிலயே பார்த்தேன். மீட்டர் தெரியாம விபூதி பூசியிருந்துச்சு" என்றார். "துடைக்கணும்னு கை போச்சு. பாய் வந்து நம்ம சாமி விபூதியத் துடைச்சுட்டாருன்னு நீங்க நினைப்பீங்களோன்னு பயந்தேன். கோவிந்துகிட்ட சொல்லவும் பயந்தேன். தினம் உங்களைக் கேட்கிறவன், எனக்கு வந்த பயத்தைச் சொல்லலை." முதலாளியைப் பார்த்துத் திரும்பினார். "இவங்க தெரியாமச் செஞ்சாங்க, தெரிஞ்சதும் ஓடி வந்து சொன்னாங்க. நான் தெரிஞ்சே சும்மா இருந்தேன். அனுப்புறதுன்னா என்னைத்தான் முதல்ல அனுப்பணும் முதலாளி."

கோவிந்து அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே துடைச்சிருப்பேனே பாய்" என்றார்.

தூறலில் எல்லாரும் நின்றோம். தினமும் அவர் எங்களுக்குச் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது. எப்படியும் போகிற வேலைதானே என்று அதை நான் சொல்லிவிட்டேன்.

"நல்லவேளை சொன்னீங்க பாய்."

அவர் கண் கலங்கியது. முதலாளி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரில் ஏறும்போது, "முதல்ல அந்தக் கண்றாவிப் படத்தை அழிங்க. நாளைக்கு நெல்லு ஏத்திட்டு வர்றவன் பார்த்தாச் சிரிப்பான்" என்றார். மறுநாள் நான் போனேன். யாரும் தடுக்கவில்லை.

படத்தை அவர் அழிக்கவில்லை. சரியாகாமல் எப்படி அழிப்பது? சாரலில் மங்க மங்க, மேலே மேலே வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமாக வந்தது. அவரும் கோவிந்து அண்ணனும் சேர்ந்து பாய்லர் முகப்பில், மீட்டரை விட்டுத் தள்ளி, ஒரு தகரத்தை அடித்தார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு விபூதி, சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் அந்தத் தகரத்துக்குத்தான். கோவிந்து அண்ணன் பூசி முடித்துவிட்டு, "சரியா இருக்கா பாய்?" என்றார். பாய் எட்டி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், முள் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு போய், ஒரு வருஷம் கேட்டில் நின்ற தன் படத்தைத் தன் கையாலேயே அழித்தார்.

கையில் சாக்பீஸ் தூளோடு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு எதைக் கண்டு பயந்தீங்க?"

"பாய்லர் மேல ஏறுற ஏணியில மூணாவது படி ஆடுது பாய்" என்றேன். பிறகு சொல்லத்தானே வேண்டும் என்று, "போன வருஷமே ஆடுச்சு. நாந்தான் சொல்லலை" என்றேன்.

"நல்லவேளை சொன்னீங்க" என்று அவர் பலகைக்குத் திரும்பினார். பூரான் மாதிரி ஓர் ஏணி வந்தது. அதன் மூன்றாவது படியில், கொண்டை போட்டு, கையில் மாலையோடு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அந்த ஆலையில் எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள். பலகையில் பாய்க்குப் பிறகு ஆள் உருவமாக ஏறியது நான் ஒருத்திதான்.